பிரிசில்லாவின் வலது கால்

பெண்கள் டென்னிஸின் உலகத் தரவரிசைப் பட்டியல் திங்கட்கிழமைதோறும் வெளியாகும். ஊர் உலகமெல்லாம் அதை மேலிருந்து கீழே படிக்கும். புதுப்பட்டினத்தில் கிருபாகரன் வீட்டில் மட்டும் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கடைசி வரியிலிருந்து மேலே ஏறுவார்கள். அப்படி ஏறினால்தான் அவர்கள் மகள் பிரிசில்லாவின் பெயர் சீக்கிரம் அகப்படும்.

"பதினாலு பேருக்கு மேல கீற," என்பார் அம்மா ரெஜினா, கைபேசியை முழு நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு. "போன வாரம் பதினொண்ணுதான்."

"மேலேர்ந்து எண்ணும்மா."

"மேலேர்ந்து எண்ணிகினு இருந்தா நான் எப்ப வேலைக்குப் போறது?"

ரெஜினாவின் வேலை, கல்பாக்கம் பக்கம் ஊழியர் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் இரண்டு செம்மண் டென்னிஸ் களங்களைப் பார்த்துக்கொள்வது. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். ரெஜினா நட்டது நான்கு வலைக் கம்பங்கள் மட்டுமே. விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பார். உருளையை ஓட்டுவார். தேங்காய்நார்ப் பாயைக் கயிற்றில் கட்டிக் களம் முழுக்க இழுப்பார். கடைசியில் குட்டைத் துடைப்பத்தால் சுண்ணாம்புக் கோடுகளின் மேல் இருக்கும் மண்ணைத் தட்டிவிடுவார். ஆறு மணிக்கு டென்னிஸ் மன்றத்தின் முதல் உறுப்பினர் மட்டையோடு வரும்போது களம், அப்போதுதான் மெழுகிய தரைபோல இருக்கும். அதன் மேல் ஆள் நடப்பதே ரெஜினாவுக்குப் பிடிக்காது. பந்து விழுந்து தடம் பதித்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் அந்த மன்றத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. தடம் வைத்தவர் தடத்தை அழித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். அணு உலைக்குப் பக்கத்தில் நின்று அசையாமல் வேலை பார்த்தவர்கள்கூட ரெஜினா துடைப்பத்தோடு வேலிப் பக்கம் வந்து நின்றால், குனிந்த தலையோடு ஷூவால் மண்ணைத் தேய்த்துவிட்டுப் போனார்கள்.

பிரிசில்லா ஐந்து வயதிலிருந்து பள்ளி விட்டதும் நேரே களத்துக்கு வந்துவிடுவாள். உறுப்பினர்கள் விட்டுப்போன தடங்களை அழிப்பது அவள் பங்கு. வலது காலைச் சற்றே திருப்பி, இடமும் வலமுமாக இரண்டு தேய்ப்பு. அம்மா வாயைத் திறக்க வேண்டியதில்லை. தரையில் ஓரிடத்தைப் பார்ப்பார். கால் போய்த் தேய்த்துவிட்டு வரும். பத்து வயதுக்குள் அந்தக் கால் பிரிசில்லாவைக் கேட்காமலேயே வேலை செய்யப் பழகிவிட்டது.

மட்டை கைக்கு வந்தது பன்னிரண்டு வயதில், ஒரு முழங்கால் வலியால். ஜானகிராமன் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் அவர் நண்பர் பக்தவத்சலமும் இன்னும் இருவரும் தினம் காலையில் இரட்டையர் ஆட்டம் ஆடுவார்கள். நால்வருக்கும் சேர்த்துச் சரியாக இருந்த முழங்கால்கள் மூன்று. ஒருநாள் ஒருவர் வரவில்லை. மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன ஆடுவது?

"ரெஜினா, உங்க பொண்ணைக் கொஞ்சம் அனுப்புங்க," என்றார் ஜானகிராமன். "ஆடக்கூட வேணாம். அந்த மூலையில நின்னாப் போதும்."

நிற்க அனுப்பிய பெண் பதின்மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நால்வரும் ஆடியதைப் பார்த்தாள், அதையே ஆடினாள். அவர்கள் ஓட முடியாதவர்கள். அதனால் எதிராளியை ஓடவைப்பதில் தேர்ந்தவர்கள். பந்தை அடிக்க மாட்டார்கள். அதன் அடிவயிற்றைச் சீவி வலைக்கு அந்தப் பக்கம் பொத்தென்று போடுவார்கள். எடுக்க ஓடி வந்தால் தலைக்கு மேல் தூக்கி விடுவார்கள். பிறகு "அடடா" என்று அனுதாபமும் தெரிவிப்பார்கள். இந்த அறுபது வயது ஆட்டம் பன்னிரண்டு வயதுக் கால்களில் ஏறியபோது மாவட்டத்தில் அவளை ஜெயிக்க ஆள் இல்லாமல் போயிற்று. தோற்ற பெண்கள் அழுததைவிட அவர்களுடைய பயிற்சியாளர்கள் எரிச்சலில் பல்லைக் கடித்ததுதான் அதிகம்.

தொழில்முறை ஆட்டக்காரியாக அவளுடைய முதல் சீசன் 2018. வயது பதினெட்டு. எட்டு ஊர்களுக்குப் போனாள். எட்டிலும் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். பெரும்பாலும் சிமெண்ட் களங்கள். பந்து தடம் வைக்காத தரை அது. அப்படியும் ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் வலது கால் போய் இரண்டு முறை தேய்த்துவிட்டு வந்தது. ஓரிடத்தில் எதிராளி, தன்னைக் கேலி செய்கிறாள் என்று நடுவரிடம் முறையிட்டாள். இன்னோரிடத்தில் பிசியோ டாக்டர் ஓடிவந்து கணுக்காலைப் பிடித்துப் பார்த்து, பட்டை போட்டுவிட்டுப் போனார். பிரிசில்லாவுக்கு மறுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று நாள் அந்தப் பட்டையோடு திரிந்தாள்.

"சிமெண்ட்டு தரைன்னா யாரு தண்ணி தெளிப்பா?" என்று கேட்டார் ரெஜினா.

"யாரும் தெளிக்க மாட்டாங்கம்மா."

"பாயி இழுக்கறது?"

"அதுவும் இல்ல."

"அதுலெல்லாம் போயி ஆடிகினு கீற," என்றார் ரெஜினா, மகள் ஏதோ கெட்ட சகவாசத்தில் விழுந்ததுபோல.

2019-இல் அபூர்வமாகச் செம்மண் களம் உள்ள போட்டி ஒன்றில் முதன்மைச் சுற்றுக்கு வந்தாள். சொந்த மண்ணுக்கு வந்த மாதிரி இருந்தது. அங்கேதான் அவளுக்கு ஒரு விதி தெரிய வந்தது. செம்மண்ணில் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தகராறு வந்தால், நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தடத்தைப் பார்ப்பார். தடம் கோட்டைத் தொட்டிருந்தால் உள்ளே. தன் பக்கத்தில் விழுந்த தடத்தை ஒரு ஆட்டக்காரி அழித்துவிட்டால், அந்தத் தகராறை அவளாகவே விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. புள்ளி எதிராளிக்கு.

நடுவர் இதைப் பொறுமையாக விளக்கினார். பிரிசில்லா மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அடுத்த புள்ளியிலேயே மறுபடி அழித்தாள். அந்தப் போட்டியில் எதிராளியின் மட்டையிடம் தோற்றது பாதி, தன் காலிடம் தோற்றது பாதி. ஊருக்கு வந்து வலது ஷூவில் சிவப்பு நாடா கட்டிப் பார்த்தாள். கால் நாடாவைப் பார்க்கவில்லை. புள்ளி முடிந்ததும் வலது காலின் மேல் இடது காலை வைத்து அழுத்திக்கொள்ளப் பழகினாள். அது ஓரளவுக்கு வேலை செய்தது. பார்க்கிறவர்களுக்கு மட்டும், அவசரமாகக் கழிப்பறை தேடுகிற பெண்போலத் தெரிந்தது.

அடுத்த வருடம் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்தது. களத்துக்குத் தண்ணீர் ஊற்ற ரெஜினாவுக்கு மட்டும் அனுமதி இருந்தது. பிரிசில்லாவும் கூடப் போனாள். ஆறு மாதம், இரண்டு களம், கேட்க ஆள் கிடையாது. பந்து ஒன்றை எடுத்துத் தட்டியதும் ரெஜினா கத்தினார். "வேணான்டி, தடமாவும்." அந்த ஆறு மாதமும் உலகத்திலேயே மிகச் சுத்தமான செம்மண் களம் கல்பாக்கம் பக்கம்தான் இருந்திருக்கும். பிரிசில்லா வீட்டுச் சுவரில் அடித்துப் பயிற்சி எடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த சீசன்கள் பொறுமைக்கானவை. தரவரிசையில் பெயர் வருவதற்கு ஒரு சங்கடம் உண்டு. முதன்மைச் சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தால் கிடைப்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு ஆயுள் ஒரு வருடம். அவளைப்போல ஒற்றைப் புள்ளியாகச் சேர்க்கிறவர்கள், ஒரே வருடத்துக்குள் மூன்று போட்டிகளிலாவது புள்ளி எடுத்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். பிரிசில்லா ஒன்று எடுப்பாள். எட்டு மாதம் கழித்து இரண்டாவது எடுப்பாள். மூன்றாவதுக்கு ரயில் ஏறும்போது முதலாவது செத்துப்போகும். 2022 இப்படிப் போயிற்று. 2023-உம் போயிற்று, நடுவில் ஒரு முழங்கை வலியோடு. 2024 ஜூலையில் ஒன்று, நவம்பரில் ஒன்று, 2025 பிப்ரவரியில் ஒன்று என்று சேர்ந்தபோதுதான் பெயர் ஏறியது. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.

அவள் அப்பா கிருபாகரன் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார்.

"ஆயிரத்து நானூறா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர், பால்கோவாவை விழுங்கிவிட்டு. "இன்னா அண்ணாத்த, நம்ம கம்பெனிலயே அவ்ளோ பேரு இல்லியே."

"அதான் சொல்றேன். கம்பெனில இல்ல, ஒலகத்துல," என்றார் கிருபாகரன்.

பெயர் ஏறிய சந்தோஷம் ஐந்து மாதம் நீடித்தது. ஜூலை வந்தது. போன ஜூலையில் எடுத்த புள்ளி மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை விழப்போகிறது. அது விழுந்தால் மிச்சம் இரண்டு. இரண்டு இருந்தால் பெயர் கிடையாது.

அதற்கு முந்தின வாரத்தில் ஊரப்பாக்கத்திலிருந்து சங்கரி என்பவர் பேசினார். அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தர நிரந்தரமாக ஆள் வேண்டும். காலை மாலை இரண்டு வேளை, ஆகஸ்ட் ஒன்றிலிருந்து. சேர்ந்துவிட்டால் வருடத்தில் இருபது வாரம் ஊர் ஊராகப் போக முடியாது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பிரிசில்லாவுக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. ராத்திரியெல்லாம் யோசிக்கிற சுபாவம் அவளுக்கில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "பேரு இருந்தா ஆட்டம். பேரு போச்சுன்னா ஊரப்பாக்கம்."

"செரி," என்றார் ரெஜினா. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த ஊரப்பாக்கத்துல இன்னா தரை?" என்று கேட்டார்.

"பச்சைக் கலர் சிமெண்ட்டு."

ரெஜினா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

பெயரைக் காப்பாற்ற ஒரே ஒரு போட்டிதான் பாக்கி. அது அதிசயமாக வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையை ஒட்டிப் புதிதாகத் திறந்த தனியார் வளாகம், செம்மண் களம். உள்ளூர்ப் பெண் என்பதால் முதன்மைச் சுற்றில் நேரடியாக இடம் கொடுத்தார்கள். முதல் ஆட்டம் செவ்வாய்க்கிழமை மதியம். அதில் ஜெயித்தால் ஒரு புள்ளி, பெயர் பிழைக்கும்.

இத்தனை சீசனில் ரெஜினா தன் மகள் ஆடிய போட்டி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. போட்டி நடக்கும் நாளெல்லாம் அவருக்கும் வேலை நாள். அன்று அரை நாள் விடுப்பு எடுத்து பஸ் பிடித்து வந்தார். ஜானகிராமனும் பக்தவத்சலமும் குடையும் மோரும் எடுத்துக்கொண்டு காரில் வந்து, அவருக்கு வேலியோரமாக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். ரெஜினா உட்காருவதற்கு முன்னால் கம்பி வழியாகக் களத்தைப் பார்த்தார்.

"தண்ணி பத்தல," என்றார். "கோட்டாண்ட பாரு சார், பாயி இழுக்கவே இல்ல. சோம்பேறிப் பசங்க."

"உங்க பொண்ணு அதோ வரா, அவளைப் பாருங்க," என்றார் ஜானகிராமன்.

எதிராளி சஹானா, பெங்களூர்ப் பெண், வயது பத்தொன்பது. பந்தை அடித்தால் சுவரில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. முதல் செட்டை 6-3 என்று எடுத்துக்கொண்டு போனாள். இரண்டரை மணிக்கு மேல் கடல்காற்று எழுந்தது. ஆடி மாதத்து மேல்காற்றும் அதுவும் மாறி மாறி மோத, தூக்கிப் போட்ட பந்து எங்கே இறங்கும் என்று சஹானாவுக்குப் பிடிபடவில்லை. பிரிசில்லா அந்தக் காற்றிலேயே வளர்ந்தவள். தூக்கித் தூக்கிப் போட்டாள். நடுநடுவே வலைக்குப் பக்கத்தில் பொத்தென்று ஒன்று.

"அது என் ஷாட்," என்றார் பக்தவத்சலம்.

"உங்களுது வலையில விழும். இவளுது தாண்டுது," என்றார் ஜானகிராமன்.

இரண்டாம் செட் 6-4, பிரிசில்லாவுக்கு. மூன்றாவது ஆறுக்கு ஆறு என்று நின்று டை-பிரேக்குக்குப் போனது. ஏழு புள்ளி முதலில் எடுப்பவர் ஜெயிப்பார், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். அதுவரை கால் ஒழுங்காக இருந்தது. புள்ளி முடிந்ததும் இடது கால் வலது காலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. டை-பிரேக் 6-5. இன்னும் ஒரே ஒரு புள்ளி.

சஹானா ஓங்கி அடித்த பந்து பிரிசில்லாவின் பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. "அவுட்" என்றார் நடுவர்.

முடிந்தது. குடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஜானகிராமன் எழுந்தார். பிரிசில்லா வேலிப் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினாள். அம்மா கை தட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் காலடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பந்து விழுந்த தடம் இருந்தது.

ஐந்து வயதிலிருந்து தெரிந்த பார்வை அது. வலது கால் போய், இடமும் வலமுமாக, இரண்டு தேய்ப்புத் தேய்த்தது.

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சஹானா கையை உயர்த்தினாள். தடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நடுவர் இறங்கி வந்தார். குனிந்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அந்தக் களத்திலேயே அன்று நன்றாகத் தேய்த்த இடம் அதுதான். நடுவர் பிரிசில்லாவைப் பார்த்தார், பிரிசில்லா தன் காலைப் பார்த்தாள். புள்ளி சஹானாவுக்குப் போயிற்று. 6-6.

"என்ன ஆச்சு?" என்றார் பக்தவத்சலம்.

"துடைச்சிட்டா," என்றார் ஜானகிராமன்.

"நல்லாத்தான தொடச்சா?" என்றார் ரெஜினா.

"ரெஜினா, அந்தத் தடம்தாம்மா சாட்சி. அதை அழிச்சா புள்ளி போயிடும். அவ ஜெயிச்ச ஆட்டம் இது."

ரெஜினாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "முப்பது வர்சமா தொட தொடன்னு எல்லாத்தையும் திட்டிகினு கீறேன்," என்றார். "இத ஒருத்தராச்சும் எங்கைல சொன்னீங்களா சார்?"

"பயமா இருந்துது," என்றார் ஜானகிராமன்.

6-6 என்றால் இருவரும் பக்கம் மாற வேண்டும். பிரிசில்லா துண்டை எடுக்க வேலியை ஒட்டி வந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ரெஜினா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பிரிசி, இன்னிக்கி ஒரு நாளு தடம் கெடக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

பிரிசில்லா தலையாட்டினாள். இப்படி ஒரு சலுகை அந்த வீட்டில் யாருக்கும் கிடைத்ததில்லை.

அடுத்த புள்ளி சஹானாவுக்கு, 6-7. அதற்கடுத்தது காற்றில் ஏறி, எங்கோ போகிற மாதிரி போய், மனம் மாறிக் கோட்டுக்குள் இறங்கியது. 7-7. பிறகு வலையோரம் பொத்தென்று ஒன்று. 8-7.

மறுபடியும் ஒரே ஒரு புள்ளி. ஆறேழு முறை பந்து போய்வந்தது. சஹானா வேகமாக அடித்த ஒன்று பின்கோட்டருகே விழுந்தது. நடுவர் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் பந்து நல்ல பந்து. பிரிசில்லா அதைத் திருப்பி அடிக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திக் கையை உயர்த்தினாள். தடத்தைப் பார்க்கச் சொன்னாள்.

வலது கால் அதற்குள் புறப்பட்டிருந்தது. தடத்துக்கு ஒரு சாண் மேலே அது நின்றது. கீழே வைத்தால் தேய்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வைக்கவே இல்லை. நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி, வலையைச் சுற்றி, சாவகாசமாக நடந்து வருகிறவரை, மட்டையை ஒரு பக்கம் நீட்டிச் சமாளித்துக்கொண்டு, ஏரியில் மீன் பார்க்கிற கொக்கைப்போல ஒற்றைக் காலில் நின்றாள். காற்றில் இரண்டு முறை தள்ளாடினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரெஜினா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் சிவந்துபோயிருந்தன.

"இதுதான் தடமா?" என்றார் நடுவர்.

"இதான் சார். சீக்கிரம் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் ஒரு விரற்கிடை அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது. சஹானாவும் வந்து பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். நடுவர் ஆட்காட்டி விரலை உயர்த்தினார். வெளியே. ஆட்டம் பிரிசில்லாவுக்கு.

அதன் பிறகுதான் அவள் காலைக் கீழே வைத்தாள். நேரே தடத்தின் மேல் வைத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, பிறகு ஓடிப்போய்ச் சஹானாவுக்குக் கை கொடுத்தாள்.

ரெஜினா உள்ளே வந்து மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, நார்ப்பாய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று களத்துப் பையன்களிடம் விசாரிக்கப் போய்விட்டார். ஒப்புக்கொண்டதை அவர் மறக்கிறவரில்லை. மூலையிலிருந்து மூலைக்கு அவரே இழுத்தார். அடுத்த ஆட்டம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நடுவர்கூட வேலியோரமாக ஒதுங்கி நின்றார்.

இரண்டாம் சுற்றில் பிரிசில்லா 6-1, 6-1 என்று தோற்றாள். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று காற்றும் இல்லை. சனிக்கிழமை வரை வைத்திருக்காமல் சங்கரிக்கு அன்றைக்கே போன் செய்தாள்.

"இப்ப வர முடியல மேடம்."

"சரி, எப்ப வர முடியும்?"

"பேரு போனதும் நானே கூப்புடறேன்."

"யார் பேரு?" என்றார் சங்கரி. விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் அவரும் திங்கட்கிழமை பட்டியலைப் பார்ப்பதாகச் சொன்னார். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதைப் பிரிசில்லா சொல்லிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை வந்தது. போன ஜூலைப் புள்ளி போனது, இந்த ஜூலைப் புள்ளி வந்தது. ரெஜினா வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைபேசியின் கடைசி வரியில் விரலை வைத்தார். ஒவ்வொரு பெயராக மேலே தள்ளினார். படிக்க வராத பெயர்களிலும் ஒரு கணம் நின்று தாண்டினார்.

"கீதுடி," என்றார். "ஒம்போது பேருக்கு மேல."

"இனிமே நவம்பர்லதாம்மா கண்டம். அதுக்குள்ள இன்னொண்ணு எடுத்துட்டாப் போதும்," என்றாள் பிரிசில்லா, ஷூ நாடாவை முடிந்துகொண்டே.

ரெஜினா அதைக் கேட்கவில்லை. இன்னும் அந்த ஒன்பது பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, இவங்க வூட்லயும் இந்நேரம் கீழேர்ந்துதான் எண்ணிகினு இருப்பாங்க, இல்ல?"